கல் சிறுநீரகத்தில், கோளாறு ஈரலில்

ஒரு பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் கல் என்று ஸ்கான் அறிக்கை வந்தால், கொழும்பு வீடுகளில் முதலில் தண்ணீர்தான் குற்றவாளிக் கூண்டில் ஏறும். "பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோற போத்தல் அப்படியே திரும்பி வருது" என்பார் அம்மா. "வெயிலுக்குள்ளதானே முழுநாளும் விளையாட்டு" என்பார் அப்பா. வவுனியாப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால், விடுமுறைக்குப் போனபோது குடித்த கிணற்றுத் தண்ணீரும் வழக்குக்குள் இழுக்கப்படும்.

இப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. 1990கள் தொடக்கம் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் விவசாயக் குடும்பங்களைக் காரணம் அறியப்படாத ஒரு சிறுநீரக நோய் வாட்டிவருகிறது. அதன் பிறகு நம் நாட்டில் 'கிட்னி வருத்தம்' என்ற பேச்சு தண்ணீர், உரம், பூச்சிநாசினி ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. கல்லைப் பொறுத்தவரையும் தண்ணீர் குறைவாகக் குடிப்பது உண்மையான காரணங்களில் ஒன்றுதான். ஆனால் ஒரு சிறு தொகைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் வெயிலும் பக்கக் கதைகள். அவர்களுடைய கல்லுக்கான மூலப்பொருள் பிறந்த நாளிலிருந்து ஈரலில் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது.

இந்த நோயின் பெயர் பிரைமரி ஹைப்பரொக்சலூரியா. ஒக்சலேற்று என்ற கழிவுப்பொருளை ஈரல் அளவுக்கு மிஞ்சி உண்டாக்கும் பரம்பரை வளர்சிதை மாற்ற நோய் இது. மூன்று வகைகள் உண்டு. அவற்றில் முதலாம் வகையே ஏறத்தாழ 80 சதவீதம், கடுமையானதும் அதுதான். பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை என்பது ஐரோப்பியக் கணக்கு. துனிசியாவில் இறுதிக்கட்டச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளான பிள்ளைகளில் 13 சதவீதத்தினருக்கு இந்த நோயே காரணம் என்று கண்டார்கள். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. நமக்கும் அந்த வழக்கம் புதியதல்ல என்பதால் அந்த எண்ணை வேறு யாருடைய கதையாகவோ தள்ளிவைக்க முடியாது.

இவ்வளவு அரிதான நோய்க்கு ஒரு நீண்ட கட்டுரை எதற்கு என்று கேட்கலாம். கல்லை உடைப்பது, டயாலிசிஸ் செய்வது, சிறுநீரகம் மாற்றுவது என்ற வழக்கமான மூன்று படிகளும் இந்த நோயில் மட்டும் தடம் புரளும் என்பதே என் பதில். முதலாம் வகை நோயாளிகளில் 20 முதல் 50 சதவீதம் வரையானோருக்கு, நோயின் பெயர் தெரியவரும்போதே சிறுநீரகம் பெருமளவு கெட்டிருக்கும். சுமார் பத்தில் ஒருவருக்கு, மாற்றிவைத்த சிறுநீரகமும் பழுதான பிறகுதான் உண்மை தெரிகிறது. அம்மாவோ அப்பாவோ கொடுத்த சிறுநீரகம் வீணாய்ப் போன பிறகு என்று அதை வாசிக்க வேண்டும்.

ஈரலுக்குள் நடப்பது

ஒக்சலேற்று தாவரங்களுக்குப் பயன்படும் பொருள். சேம்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் நாக்கில் அரிப்பது அதன் ஊசிப் படிகங்களால்தான். மனித உடலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அதைச் சிதைக்கும் நொதியமும் நம்மிடம் இல்லை. குடலில் வாழும் ஒக்சலோபக்டர் என்ற பக்டீரியா அதைத் தின்று வாழ்கிறது. அந்தப் பக்டீரியாவையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆகவே ஈரல் உண்டாக்கும் ஒக்சலேற்று ஏறத்தாழ முழுவதும் சிறுநீர் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது.

ஈரல் அதை ஏன் உண்டாக்குகிறது? உணவிலிருந்தும் உடலின் சொந்தப் புரதங்கள் சிதைவதிலிருந்தும் கிளையொக்சலேற்று என்ற இடைநிலைப் பொருள் ஈரற் கலங்களில் தோன்றுகிறது. பெரொக்சிசோம் எனப்படும் நுண்ணிய பைகளுக்குள் இருக்கும் ஏஜிடி என்ற நொதியம் அதைக் கிளைசீனாக மாற்றிவிடும். கிளைசீன் உடல் தினமும் பயன்படுத்தும் சாதாரண அமினோ அமிலம். ஏஜிடி வேலை செய்யாவிட்டால் கிளையொக்சலேற்று பைக்கு வெளியே கசியும். அங்கே இன்னொரு நொதியம் அதை ஒக்சலேற்றாக மாற்றிவிடும். பொருள் அதேதான், போகும் வழி மாறியதால் விளைவு மாறிவிடுகிறது.

1925இல் பிரான்சில் ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் ஒக்சலேற்றுப் படிகங்கள் படிந்திருந்ததாக எழுதப்பட்டதிலிருந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இது ஒரு விசித்திரமான கல் நோய் என்ற அளவிலேயே பார்க்கப்பட்டது. 1986இல் கிறிஸ்டோபர் டான்பியூரும் பட்ரீசியா ஜெனிங்ஸும் நோயாளிகளின் ஈரலில் ஏஜிடி குறைந்திருப்பதைக் காட்டினார்கள். சிறுநீரகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மருத்துவம் அன்றுதான் வலது விலா எலும்புகளுக்குக் கீழே பார்வையைத் திருப்பியது என்று சொல்லலாம்.

ஏஜிடியை உண்டாக்கும் ஏஜிஎக்ஸ்டி என்ற மரபணு 2ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்தின் நுனிக்கருகில் இருக்கிறது. அதன் கட்டளைப்படி 392 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம் உருவாகும். அத்தகைய இரண்டு புரதங்கள் சேர்ந்தால்தான் வேலை செய்யும் நொதியம் கிடைக்கும். இந்த மரபணுவில் இதுவரை 200க்கும் மேற்பட்ட பிறழ்வுகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவை எல்லாமே ஒரே விதமாகக் கெடுதல் செய்வதில்லை. அந்த வேறுபாடு பாடப்புத்தக விடயமாகத் தெரியலாம். ஆனால் எந்த மருந்து பலிக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சில பிறழ்வுகளில் புரதமே உருவாகாது. மரபணுவின் தொடக்கத்தில் 33ஆம் இடத்துக்கருகே ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்துவிடும் பிறழ்வு இதற்கு உதாரணம். மரபணு மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படுவதால், ஓர் எழுத்து கூடினால் அதற்குப் பின்னால் வரும் முழு வாசகமும் குழம்பிவிடும். வேறு சில பிறழ்வுகளில் புரதம் உருவாகும், ஆனால் சரியாக மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபடும். 244ஆம் அமினோ அமிலம் மாறும் பிறழ்வு அப்படிப்பட்டது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில், குறிப்பாக லா கோமேராவில், அது அதிகம். சிறிய தீவில் ஒரு சில மூதாதையரிடமிருந்து பெருகிய சனத்தொகையில் இப்படி நடப்பதுண்டு.

இவை எல்லாவற்றையும்விட வியப்பானது 170ஆம் இடத்தில் கிளைசீனுக்குப் பதில் ஆர்ஜினீன் வரும் பிறழ்வு. ஐரோப்பிய, வட அமெரிக்க நோயாளிகளிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுதான். இவர்களில் சிலரின் ஈரலை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் நொதியம் இருக்கும், ஓரளவு வேலையும் செய்யும். பிறகு ஏன் நோய்? விலாசம் மாறிய கடிதம்போல, பெரொக்சிசோமுக்குப் போகவேண்டிய நொதியத்தில் சுமார் 90 சதவீதம், கலத்துக்குச் சக்தி தரும் வேறொரு பகுதியான இழைமணிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கிளையொக்சலேற்று உண்டாவது ஓரிடத்தில், அதை மாற்றும் நொதியம் இருப்பது வேறிடத்தில். இந்தப் பிறழ்வு தனியாக இதைச் செய்வதில்லை. 11ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசீன் வரும் ஒரு சாதாரண மாறுபாடும் கூட இருக்க வேண்டும். அந்த மாறுபாடு ஐரோப்பியரில் பலரிடமும் எந்தத் தீங்கும் செய்யாமல் இருக்கிறது.

இதில் பரிணாமக் கதை ஒன்றும் உண்டு. தாவரம் தின்னும் விலங்குகளில் ஏஜிடி பெரொக்சிசோமில் இருக்கிறது. பூனை போன்ற ஊனுண்ணிகளில் பெரும்பாலும் இழைமணியில் இருக்கிறது. கிளையொக்சலேற்று தாவர உணவிலிருந்து வந்தால் ஒரு பகுதியிலும், இறைச்சியின் கொலாஜனிலிருந்து வந்தால் மற்றப் பகுதியிலும் தோன்றுவதே இதற்கான விளக்கம். மனிதனின் ஏஜிடி, தாவரம் தின்னும் மூதாதையரின் இருப்பிடத்தை வைத்திருக்கிறது. ஒரு நோயாளியின் ஈரல், பூனைக்குப் பொருந்தும் இடத்தில் தன் நொதியத்தை வைத்துக்கொண்டு அல்லல்படுகிறது.

இந்த நோயாளிகளுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஏஜிடி வேலை செய்ய விற்றமின் பி6 துணைப்பொருளாக வேண்டும். 170ஆம் இடப் பிறழ்வு உள்ளவர்களுக்கும், 152ஆம் இடத்தில் ஒரு குறிப்பிட்ட பிறழ்வு உள்ளவர்களுக்கும் பி6 மாத்திரை கொடுத்தால் நொதியம் ஓரளவு நிலைபெறுகிறது. சரியான இடத்துக்குப் போகும் அளவும் கூடுகிறது. சிலருக்கு ஒக்சலேற்று பாதிக்கும் கீழே இறங்குகிறது. எந்தப் பாமசியிலும் கிடைக்கும் மலிவான மாத்திரை அது. புரதமே உருவாகாத பிறழ்வு உள்ளவருக்கு அதே மாத்திரை பயன் தராது. அளவுக்கு மீறிய பி6 நரம்புகளைக் கெடுக்கும் என்பதால் இதை மருத்துவர் கணக்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் பரீட்சித்துப் பார்க்கும் காரியமல்ல.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் வகையில் ஜிஆர்எச்பிஆர் என்ற மரபணு பழுது. மூன்றாம் வகையில் எச்ஓஜிஏ1. மூன்றாம் வகை சிறுவயதில் நிறையக் கற்களை உண்டாக்கினாலும் சிறுநீரகத்தை அரிதாகவே முற்றாகக் கெடுக்கும். இரண்டாம் வகையில், நான்கு எழுத்துகள் விடுபட்டுப்போகும் ஒரு பிறழ்வு இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களிடம் காணப்படுகிறது. முதலாம் வகை மரபணுவை மட்டும் சோதித்து "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டால் நம் பகுதி நோயாளி ஒருவர் தவறவிடப்படலாம்.

சிறுநீரகம் படும் பாடு

இந்த நோயில் சிறுநீரகம் எந்தத் தவறும் செய்யவில்லை. தன் கடமையைச் செய்வதாலேயே அது கெடுகிறது. குருதியிலுள்ள ஒக்சலேற்றை வடிகட்டி, நுண்குழாய்கள் வழியே மேலும் சுரந்து, நீரை மீள உறிஞ்சிச் சிறுநீரைச் செறிவாக்குகிறது. செறிவு கூடக் கூட ஒக்சலேற்று கல்சியத்தோடு சேர்ந்து கரையாத படிகமாகிவிடும். அந்தப் படிகங்கள் குழாய்ச் சுவரின் கலங்களில் ஒட்டிக் காயப்படுத்தும். காயத்துக்கு எதிராக உடல் அழற்சியை மூட்டும். அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு விழும். கல் அடைத்து வலிக்கும்போதுதான் நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இந்தத் தழும்புகளோ வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பெருகுகின்றன.

ஆகவே கல்லின் எண்ணிக்கையை வைத்து மட்டும் நோயை எடைபோட முடியாது. ஸ்கானில் இரு சிறுநீரகங்களின் உட்பகுதியும் வெள்ளையாகத் தெரிந்தால், அதாவது கல்சியம் திசுவுக்குள்ளேயே படிந்திருந்தால், ஒரு தனிக் கல்லைவிட அது பெரிய எச்சரிக்கை. சில குழந்தைகளுக்குக் கல்லே தெரிவதில்லை; வளர்ச்சி குன்றி, வாந்தி எடுத்து, ஒரு வயதுக்குள் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலையில் வந்து சேர்கிறார்கள். வேறு சிலர் முப்பது, நாற்பது வயது வரை அவ்வப்போது கல் போவதோடு காலம் தள்ளுகிறார்கள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்து, ஒரே பிறழ்வைச் சுமக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும்கூட நோய் இரு வேறு வேகத்தில் போவதுண்டு. மரபணு அறிக்கையை ஜாதகம்போல வாசிப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

சிறுநீரகத்தின் வேலை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும்போது நோய் வேறு கட்டத்துக்குப் போகிறது. ஈரல் உற்பத்தியை நிறுத்தவில்லை. வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது. ஒக்சலேற்று குருதியில் தேங்கி எலும்பு, விழித்திரை, இதயத் தசை, தோல், குருதிக் குழாய்கள் எல்லாவற்றிலும் படியத் தொடங்கும். எலும்பு நோகும், தானாக முறியும். எலும்பு மச்சையில் படிந்தால் எந்த ஊசிக்கும் மசியாத இரத்தசோகை வரும். இதயத்தின் மின்கடத்தும் பாதையில் படிந்தால் துடிப்பே தடுமாறும். சிறுநீரக நோயாளி ஒருவரின் கண்ணைச் சோதித்த மருத்துவர் விழித்திரைப் படிகங்களைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதும் நடப்பதுண்டு.

டயாலிசிஸ் இங்கே கைகொடுப்பது குறைவு. யூரியாவைக் கழுவி எடுக்கும் இயந்திரம் ஒக்சலேற்றையும் எடுக்கிறதுதான். ஆனால் வாரம் இரண்டு, மூன்று முறை செய்யும் வழக்கமான டயாலிசிஸால் ஈரலின் உற்பத்தியோடு போட்டி போட முடியாது. இந்த நோயாளிகளுக்கு வாரத்தில் ஐந்து, ஆறு நாள் தேவைப்படும். ஒரு டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் பலர் வரிசையில் நிற்கும் நாட்டில் ஒருவருக்கு ஆறு நாள் ஒதுக்குவது யாருக்கும் எளிதான முடிவல்ல.

சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால், எலும்பில் தேங்கியதும் ஈரல் புதிதாக உண்டாக்குவதும் சேர்ந்து புதுச் சிறுநீரகத்தின் மேல் விழும். அதனால்தான் ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து மாற்றும் முறை பல காலம் ஒரே தீர்வாக இருந்தது. கோளாறு ஈரலில்தான் என்பதற்கு ஒரு கசப்பான நிரூபணமும் இருக்கிறது. இந்த நோயாளியிடமிருந்து எடுத்த ஈரல் மற்றபடி நல்ல நிலையில் இருப்பதால், அதை உயிருக்குப் போராடும் வேறு ஈரல் நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அந்த ஈரலைப் பெற்றவர்களில் பெரும்பாலோரின் சிறுநீரகங்கள் சில வாரங்களிலேயே செயலிழந்தன.

போத்தலில் கிடக்கும் கல்

கல் வெளியேறியவர்கள் அதை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பார்க்கலாம். வருபவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கல்லை ஆய்வுக்கு அனுப்பினீர்களா என்று கேட்டால் பதில் இருக்காது. என் பார்வையில் இந்த நோயைப் பொறுத்தவரை நாம் செய்யும் பெரிய வீண்விரயம் இதுதான். ஹைப்பரொக்சலூரியாக் கல் ஏறத்தாழ முழுக்க முழுக்க ஒரே வகைக் கல்சியம் ஒக்சலேற்றால் ஆனது. சாதாரணக் கல்லைவிட வெளிறிய நிறம், வேறுவிதமான உள்ளமைப்பு. அகச்சிவப்பு ஆய்வில் அது தெரிந்துவிடும். கல்லே வாக்குமூலம் கொடுக்கத் தயாராக இருக்கும்போது கேட்பதற்கு ஆளில்லை.

ஒக்சலேற்று கூடினால் எல்லாம் பரம்பரை நோய் என்றும் எடுத்துவிடக் கூடாது. கொழும்பில் இதற்குப் பொருத்தமான எதிர் உதாரணம் விளிம்பிக்காயும், நட்சத்திரப் பழம் என்கிற காமரங்காயும். அவற்றின் சாற்றை வெறும் வயிற்றில் அதிக அளவில் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களை இலங்கை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நீரிழிவுக்கு நல்லது, கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொல்லிக் குடித்தவர்கள் அதில் உண்டு. குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், விற்றமின் சியை மிதமிஞ்சி எடுப்பதாலும் ஒக்சலேற்று கூடலாம். இவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை; காரணத்தை நிறுத்தினால் உற்பத்தி நின்றுவிடும். பரம்பரை நோயில் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை.

எப்போது சந்தேகிக்க வேண்டும்? பிள்ளைப் பருவத்தில் ஒரே ஒரு கல் வந்தாலும். பெரியவர்களுக்கு இரு பக்கமும் திரும்பத் திரும்பக் கல் வந்தால். சிறுநீரகம் செயலிழந்தவரின் பழைய கோப்பில் 'கல்' என்ற சொல் இருந்து, செயலிழப்புக்கு வேறு விளக்கம் எழுதப்படாமல் இருந்தால். 24 மணி நேரச் சிறுநீரை அமிலம் இட்ட போத்தலில் சேர்த்து ஒக்சலேற்றை அளப்பது முதல் படி. உடற்பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 0.5 மில்லிமோலுக்கு மேற்படக் கூடாது. முதலாம் வகையில் அது பெரும்பாலும் 1ஐத் தாண்டிவிடும். கைக்குழந்தையிடம் ஒரு நாள் சிறுநீரைச் சேர்ப்பது இயலாத காரியம். அதனால் ஒரு முறை எடுத்த சிறுநீரில் ஒக்சலேற்றுக்கும் கிரியற்றினின் என்ற வழக்கமான கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு அந்த விகிதம் இயல்பாகவே அதிகம் என்பதால் வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே செயலிழந்திருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை ஏமாற்றும். குருதியில் அளக்க வேண்டும்.

முன்பு உறுதிப்படுத்த ஈரலில் ஊசி குத்தித் துணுக்கு எடுப்பார்கள். இன்று கொஞ்சம் குருதி போதும். மூன்று மரபணுக்களையும் வாசித்துவிடலாம். கொழும்பு மருத்துவ பீடத்தில் 1983இலிருந்து மனித மரபியல் பிரிவு ஒன்று இயங்குகிறது. பொறளையில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. ராகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் குருதித் துளி தைரொயிட் குறைபாட்டைக் காட்டும். இந்த நோயைக் காட்டாது. எனவே யாராவது ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டால்தான் எதுவும் தொடங்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல் என்றதும் பால், நெத்தலிக் கருவாடு எல்லாவற்றையும் நிறுத்துவது நம்மிடையே பெருவழக்கு. கல்லில் கல்சியம் இருக்கிறதாம். குடலில் கல்சியம் இருந்தால்தான் அது உணவின் ஒக்சலேற்றைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். பாலை நிறுத்தினால் ஒக்சலேற்று இன்னும் கூடுதலாக உறிஞ்சப்படும். பிள்ளையின் எலும்பும் பலவீனப்படும். பரம்பரை நோயில் ஒக்சலேற்றின் பெரும்பகுதி ஈரலிலிருந்து வருவதால் கீரையைக் குறைப்பதாலும் பெரிய லாபமில்லை. பொல்பலாக் குடிநீரும் வாழைத்தண்டுச் சாறும் அவற்றோடு சேரும் தண்ணீரின் அளவுக்குப் பலன் தரலாம். ஈரலின் மரபணு அவற்றுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

சொந்தத்துக்குள் கலியாணம்

"எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இந்த வருத்தம் இல்லை, டொக்டர்." மரபணு என்ற சொல் வந்தவுடன் இரு பக்கமும் இதைத்தான் சொல்லும். இருவர் சொல்வதும் உண்மை. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் தாம் காவி, அதாவது பழுதான பிரதியைக் காவிச் செல்பவர், என்று அறியாமலே எண்பது வயது வரை நலமாக வாழ்ந்துவிடுவார். இரு காவிகள் மணம் முடித்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு: இரண்டு பழுதான பிரதிகளும் ஒன்றுசேரலாம். மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது.

மச்சானை மச்சாள் கட்டுவது தமிழர் வழக்கம். கொழும்பின் முஸ்லிம் குடும்பங்களிலும் அது புதிதல்ல. அதன் ஆபத்தைப் பெருக்கியும் சொல்கிறார்கள், இல்லவே இல்லை என்றும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 500 பேரில் ஒருவர் காவி என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால், இருவருமே காவியாக இருந்து பிள்ளைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு 500 பெருக்கல் 500 பெருக்கல் 4இல் ஒன்று. அதாவது பத்து லட்சத்தில் ஒன்று. மச்சானும் மச்சாளும் மணந்தால், ஒருவர் காவியாக இருக்கும்போது மற்றவரும் அதே பிறழ்வைப் பாட்டன் பாட்டி வழியாகப் பெற்றிருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. 500 பெருக்கல் 8 பெருக்கல் 4 என்றால் 16,000இல் ஒன்று. அறுபது மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனாலும் 15,999 பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணந்த குடும்பத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும்.

இந்தக் கணக்கைத் திருமணத்தை நிறுத்துவதற்கான ஆயுதமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியான குடும்பத்தில், அந்தப் பிள்ளையின் மாமன் மக்களுக்கும் அத்தை மக்களுக்கும் சம்பந்தம் பேசும்போது பரிசோதனை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். அதைவிட அவசரமானது, தாயின் மேல் பழி போடுவதை நிறுத்துவது. இரண்டு பழுதான பிரதிகளில் ஒன்று தந்தையிடமிருந்து வந்தே ஆக வேண்டும். வேறு வழியில் இந்த நோய் வருவது மிக மிக அரிது.

ஒரு மரபணுவின் வாயை மூடுவது

சிகிச்சையின் அடித்தளம் இன்றும் தண்ணீர்தான். உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் நாளுக்கு மூன்று லீற்றர் வரை, இரவு பகலாகப் பிரித்து. கைக்குழந்தைகளுக்குச் சில வேளை வயிற்றில் குழாய் வைத்து இரவெல்லாம் நீர் செலுத்த வேண்டியிருக்கும். பொட்டாசியம் சித்திரேற்று படிகம் சேர்வதைத் தடுக்க உதவும். பி6 பலிக்கும் பிறழ்வு என்றால் அதுவும்.

2020 நவம்பரில் லுமாசிரான் என்ற மருந்துக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. இது பழுதான மரபணுவைத் திருத்துவதில்லை. அதற்கு முந்திய படியிலுள்ள எச்ஏஓ1 என்ற வேறொரு நல்ல மரபணுவை மௌனமாக்குகிறது. அந்த மரபணுவின் நொதியம்தான் கிளைக்கொலேற்றைக் கிளையொக்சலேற்றாக மாற்றுகிறது. சிறு ஆர்என்ஏத் துண்டு ஒன்றில் ஈரற் கலம் இனங்காணும் சர்க்கரை மூலக்கூறைப் பொருத்தித் தோலின் கீழ் ஊசியாகப் போடுகிறார்கள். அது ஈரலுக்குள் போய், எச்ஏஓ1இன் கட்டளையைச் சுமந்துபோகும் செய்தியை அழித்துவிடும். கிளையொக்சலேற்று குறைகிறது; மிஞ்சும் கிளைக்கொலேற்று நீரில் எளிதாகக் கரைவதால் சிறுநீரோடு போய்விடுகிறது. 39 பேர் பங்கெடுத்த முதன்மைப் பரிசோதனையில் மருந்து பெற்றவர்களின் சிறுநீர் ஒக்சலேற்று சராசரியாக 65 சதவீதம் குறைந்தது. இறுதிப் படியிலுள்ள நொதியத்தை ஈரலில் அடக்கும் நெடோசிரானுக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நல்ல மரபணு ஒன்றை வாழ்நாள் முழுதும் அடக்கிவைத்தால் ஆபத்து வராதா? இந்தக் கேள்விக்கு எதிர்பாராத இடத்திலிருந்து பதில் வந்தது. இங்கிலாந்தில் உறவுத் திருமணம் பரவலாக உள்ள தெற்காசியச் சமூகங்களின் மரபணுக்களை வாசிக்கும் ஆய்வில், எச்ஏஓ1இன் இரண்டு பிரதிகளும் செயலிழந்த பெண் ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டார். குருதியில் கிளைக்கொலேற்று பல மடங்கு உயர்ந்திருந்தது; அவர் பூரண சுகத்தோடு இருந்தார். 2020இல் அந்த ஆய்வு வெளியானது. நோயை ஒன்றுசேர்க்கும் அதே உறவுத் திருமண வழக்கம், மருந்து பாதுகாப்பானது என்பதற்கான சாட்சியையும் ஒருவர் உடலில் சேர்த்து வைத்திருந்தது.

லுமாசிரான் முதலாம் வகைக்கு மட்டுமே பொருந்தும். விலை அமெரிக்காவில் ஆண்டுக்குப் பல லட்சம் டொலர். 2022இல் சாதாரண மருந்துகளுக்கே அல்லாடிய நாட்டில் இது எட்டாக்கனி என்பது சொல்லாமலே விளங்கும். பி6 மாத்திரையின் விலையோடு இதை ஒப்பிட்டால், மரபணுப் பரிசோதனை பணக்காரரின் ஆடம்பரம் என்ற எண்ணம் தலைகீழாகிறது. எங்கள் நாட்டில்தான் அது முதலில் செய்யப்பட வேண்டும். மலிவான மாத்திரை யாருக்குப் பலிக்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியது அது.

உறுப்பு மாற்றம்தான் வழி என்று முடிவானால் குடும்பத்துக்குள்ளேயே கொடையாளி தேடப்படுவார். பெரும்பாலும் முதலில் முன்வருவது கூடப்பிறந்தவர். அவருக்கும் இரண்டு பழுதான பிரதிகள் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நோய் இன்னும் வெளியே தெரியாமலும் இருக்கலாம். அவரைச் சோதிக்காமல் சிறுநீரகம் எடுத்தால், மிஞ்சிய ஒற்றைச் சிறுநீரகம் அவருடைய ஈரலுக்கு நேரே நிற்கும். தாயோ தந்தையோ காவியாக இருந்தும் தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். அப்படிப் பல நாடுகளில் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஈரலிலுள்ள ஒரே ஒரு நல்ல பிரதி பிள்ளையின் ஒக்சலேற்றை அடக்கப் போதுமானது. எலும்பில் ஏற்கெனவே படிந்தது கரைந்து வெளியேற மட்டும் சில ஆண்டுகள் எடுக்கும். அதுவரை மூன்று லீற்றர் தண்ணீரை நிறுத்த முடியாது.